எட்டு தள்ளி

பேய் பிசாசில் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. எழுதிய புரோகிராமைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் கட்டளையாக மாற்றும் கம்பைலரோடு இருபது வருடம் மல்லுக்கட்டியவன் நான். எந்தக் கோளாறானாலும் கடைசியில் அதைச் செய்த மடையன் நானாகத்தான் இருப்பேன். சிரிப்பீர்கள், பரவாயில்லை, கேளுங்கள்.

2012 வாக்கில், அருமனையில் எங்கள் வீடு. என் மனைவி லதாவுக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம், ஒரு சொல் பேச்சில்லை. அவளை விட்டு நகர முடியாதென்று ஆபீஸில் கெஞ்சி வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். ஒவ்வொரு மதிப்பும் மெமரியில் எங்கே கிடக்கிறது, இன்ன இடத்திலிருந்து இத்தனை பைட் தள்ளி என்று கம்பைலருக்கு முகவரி கட்டிக்கொடுக்கும் சின்னச் சின்ன புரோகிராம் துண்டுகள், ஃபங்ஷன்கள்தான் என் பாடு. அதில் ஒன்று பொய் முகவரி கொடுத்தது. ஒன்பது நாள் தேடியும் தப்பு அகப்படவில்லை. மேலாளர் போனில், "திங்கட்கிழமை டெஸ்ட் ஓடலைன்னா பெங்களூர் வந்து உக்காருங்க சார்," என்றார். போனால் லதாவுக்கு யார்? போகாவிட்டால் மருந்துக்கு எங்கே போவது?

அவளிடம் பேசிக்கொண்டே இருக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். எனக்கு வேறென்ன பேச்சிருக்கிறது? மத்தியானம் கட்டிலருகே உட்கார்ந்து அந்த ஃபங்ஷனையே வரி வரியாக வாசித்தேன், வாசிக்க வாசிக்க அழுகையும் வந்தது. வெளியே ரப்பர் காய் வெடிக்கும் சத்தம் மட்டும். அப்போது அடுக்களையிலிருந்து லதாவின் குரல், பழைய எரிச்சலோடு: "இன்னும் எட்டு தள்ளணும்லா, எங்க பாத்து எண்ணுதிய?"

கட்டிலில் லதா என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். உதடு அசையவில்லை.

அவளைக் கவனித்துக்கொள்ளும் மரிய புஷ்பம் கிணற்றடியிலிருந்து ஈரக்கையோடு வந்தாள்.

"ஆரு சாரே வந்திருக்கது? அடுக்களையில சத்தம் போடுதாவ?"

"ஆருமில்ல."

"பின்ன, சாருதான் பெண்ணு குரல்ல பேசுனதா?"

போய்ப் பார்த்தோம். ஆளில்லை.

ஒரு ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிடும்போது, திரும்பும் வழியைக் குறித்துவைக்க எட்டு பைட் எடுத்துக்கொள்ளும். அதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. சேர்த்தேன், டெஸ்ட் அத்தனையும் ஓடியது. லதா தையல் படித்தவள். பைட் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது, நம்புங்கள்.

வேலை பிழைத்தது. அவள் அதன்பிறகும் பேசவில்லை. இன்றும் மத்தியானம் வேண்டுமென்றே ஒரு தப்பை வைத்து அவளுக்கு வாசித்துக்காட்டுகிறேன். முடித்ததும் அடுக்களைப் பக்கம் காது வைக்கிறேன். திரும்பிப் பார்த்தால், அவள் கண்ணும் அங்கேதான் நிலைத்திருக்கிறது.