யூதாஸ் வீட்டு முறை

எங்கள் வீட்டுக்கு ஊரில் யூதாஸ் வீடு என்று பெயர். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவர் ஓர் ஓவியர். ஆவூருக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் சிறிய ஊர்தான் அவருடைய தாய் பிறந்த ஊர். தகப்பனார் பிரான்சு தேசத்தவர். சட்டைக்காரர் என்றுதான் எல்லோரும் அவரைச் சொல்வார்கள். வயதான காலத்தில் தாயின் ஊரைத் தேடி வந்தவர், கோயில் சுவரில் ஆண்டவருடைய கடைசி இராவுணவை வரைந்துவிட்டு இங்கேயே இறந்துபோனார்.

அந்தப் படத்தில் ஜன்னலுக்கு வெளியே அவருடைய தகப்பனார் நாட்டுப் பனிமலை தெரியும். மேசையில் ரொட்டிக்குப் பக்கத்தில் எங்கள் பக்கத்துப் பலாச்சுளை இருக்கும். பன்னிரண்டு சீடர்களுக்கும் ஊர்க்காரர்களையே உட்கார வைத்து வரைந்தார். இராயப்பராக உட்கார்ந்தவர் வீடு இராயப்பர் வீடு ஆயிற்று. தோமையாராக உட்கார்ந்தவர் வீடு தோமையார் வீடு ஆயிற்று. என் பூட்டனார் யூதாஸாக, பணப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருடைய மூக்கு அப்பா வழியாக எனக்கும் வந்திருந்ததால் நான் எந்த வீட்டுப் பிள்ளை என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. "அவகிட்ட ரகசியம் சொல்லாதடி, முப்பது காசுக்கு வித்துருவா" என்பார்கள் வகுப்பில்.

சட்டைக்காரருக்கு வாரிசு இல்லை. அதனால் கல்லறைத் திருநாளுக்கு அவர் கல்லறையை வெள்ளையடித்துப் பூ வைப்பது சீடர் வீடுகளின் முறை, வருஷத்துக்கு ஒரு வீடு. முறை வந்த வீட்டுப் பிள்ளைதான் சாமியார் கையிலிருந்து பெரிய மெழுகுத்திரியை வாங்கி அங்கே ஏற்றும். ஆனால் முறை பதினோரு வீடுகளுக்குத்தான். எங்களைச் சேர்க்கவில்லை. எனக்கோ அதை ஒரே ஒரு தடவை ஏற்றிவிட வேண்டும் என்று ஆசை. வாய் திறந்து கேட்கத்தான் தெரியாது.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் தோமையார் வீட்டு முறை வந்தது. அந்த வீட்டில் எல்லோருக்கும் அம்மை போட்டுவிட்டது. அடுத்த முறைக்காரர்களான மத்தேயு வீட்டார், இந்த வருஷம் செய்தால் அடுத்த வருஷம் போய்விடுமே என்று அசையவில்லை. திருநாள் காலையில் கல்லறை பாசி பிடித்துக் கிடந்தது. சித்தப்பா சுண்ணாம்பு வாளியைத் தூக்கினார். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் கூடவே போய், நனைந்தபடி கல்லறைக்குக் குடை பிடித்தேன்.

இராயப்பர் வீட்டுப் பெரியம்மா பார்த்துவிட்டார்.

"காட்டிக்குடுத்த வீட்டு ஆளு கை பட்டா சட்டைக்காரரு எந்திரிச்சு ஓடிருவாருப்பா."

"ஓடட்டும் மதினி" என்றார் சித்தப்பா. "வெரட்டிப் பிடிச்சு, எங்க பாட்டன் கையில இருக்க பைய ஒங்க வீட்டுப் பாட்டன் கையில மாத்தி வரைஞ்சு தாங்கன்னு கேட்டுக்கிறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்காலம் சாமியார் வந்தார். அவர் ஊருக்குப் புதுசு. இந்த வருஷம் எந்த வீட்டு முறை என்று கேட்டார். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சித்தப்பா தரையைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் விட்டால் மெழுகுத்திரி வேறு கைக்குப் போய்விடும். "உள்ளேன் ஐயா" சொல்லவே நாக்கு ஒட்டிக்கொள்கிற நான், அத்தனை பேர் முன்னால், "யூதாஸ் வீடு சாமி" என்றேன்.

சாமியார் குனிந்து என் மூக்கைப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தபடி மெழுகுத்திரியைக் கொடுத்தார். காற்றில் இரண்டு தடவை அணைந்தது. மூன்றாம் தடவை பெரியம்மாவே முந்தானையை விரித்துக் காற்றை மறைத்தார். அதன்பிறகு முறை பன்னிரண்டு வீடுகளுக்கு ஆயிற்று. இன்றும் அப்படித்தான்.

வீடு திரும்பியதும் கேட்டேன். "ஏன் சித்தப்பா, பூட்டனாரு போயும் போயும் யூதாஸா உக்காந்தாரு?"

"மத்த எடத்துக்கெல்லாம் ஆளு வந்துருச்சுத்தா. இதுக்கு மட்டும் ஒருத்தரும் வரலை. ஆளில்லாம சட்டைக்காரரு படத்தை எப்படி முடிப்பாரு?"

பிந்திப் போனதால் வந்த வினை என்று புரிந்துகொண்டேன். மறுநாள் முதல் பள்ளிக்கூடத்துக்குக் கால் மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார ஆரம்பித்தேன். கோயில் வாசலுக்கு நேர் எதிர்வீடு எங்களுடையது. நல்ல இடம் வேண்டும் என்று நினைத்திருந்தால் பூட்டனார் முதல் ஆளாகவே போயிருக்கலாம் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.