பச்சைக் கோடு நின்ற இடம்

மந்தைவெளியில் எங்கள் வீட்டு ஃபேனைச் சரிசெய்ய வந்த எலக்ட்ரீஷியன் அவர். ஒல்லி உடம்பு, நரைத்த மீசை, சட்டைப் பையில் டெஸ்டரோடு ஒரு பென்சில். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து, என்னைக் கேட்காமலே அலமாரியிலிருந்து ஒரு நாவலை எடுத்தார். எனக்குச் சுருக்கென்றது. அதிலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திறந்தார்.

"முடிவை இப்பவே பாத்துட்டா எப்படிங்க?" என்றேன்.

"படிக்கல சார். கடைசிப் பக்கம் கீதான்னு பாத்தேன். பழைய புக்குல அதான் மொதல்ல பூடும். லஸ் பிளாட்பாரத்துல வாங்கி வாங்கி இதே பழக்கமாய்ட்ச்சு. வூட்டுல ஒரு செவுரு முழுக்க புக்குதான்."

பிறகு முதல் பக்கத்துக்கு வந்தார். அங்கே பச்சை மையில் என் பெயர். பிடித்த வரிகளுக்கும் அதே மையில் கோடு போடுவது என் வழக்கம்.

"இந்தப் பேரு போட்ட புக்கு எங்கிட்ட நாலு கீது சார்."

வீடு மாறும்போது பழைய பேப்பர்காரரிடம் நான் எடைக்குப் போட்டவை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"அதெல்லாம் படிச்சு முடிச்சதுங்க" என்றேன்.

அவர் நாவலை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"நாலுலயும் நாப்பது பக்கத்தோட உங்க பச்சைக் கோடு நின்னுட்ச்சு சார். பரவால்ல, மீதிக்கு நான் பென்சில்ல போட்டுக்கினு வரேன்."

எந்தெந்த வரிகளுக்குப் போட்டிருப்பார்? பார்க்க ஆசைதான். கேட்கத்தான் இன்னும் வாய் வரவில்லை.