லெஸ்டருக்குச் சேர வேண்டிய எழுத்து

அக்டோபர் கடைசி ஞாயிறு. குளிர்காலக் கண்ணாடிச் சன்னல்களை மாட்டும் நாள். லொரெய்ன் ஏணிமேல் நின்றாள். அப்பா வெண்டெல் க்ரூகர் கீழிருந்து எண் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஒன்பதாம் சன்னலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"வர்ற சனிக்கிழமை என்னைய பெல் கிரீக்குக்குக் கூட்டிட்டுப் போறியாம்மா? லெஸ்டரப் பாக்கணும்."

"அந்தத் துணிய குடுக்கவா? முப்பத்தேழு வருஷம் ஆச்சுப்பா. அவருக்கே அது பெருசாத் தோணாது. சன்னலக் குடுங்க, கை வலிக்குது."

கொடுத்தார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்தத் துணியின் கதையை அவளிடம் ஒரே ஒருமுறைதான் சொல்லியிருந்தார், அவள் அம்மாவை அடக்கம் செய்த அன்று.

1934இல் ஐயோவாவின் மெரிடன் கல்லூரி அமெரிக்கக் கால்பந்து அணி எட்டு ஆட்டங்களில் எட்டிலும் தோற்றது. எடுத்த புள்ளிகள் ஒன்பது. கொடுத்தவை இருநூற்றுப் பன்னிரண்டு. பந்தை அணைத்துக்கொண்டு ஓடுகிறவனுக்காக எதிரியை மோதித் தள்ளி வழி உண்டாக்குவது வெண்டெலின் வேலை. வேலியோரம் நின்ற விவசாயிகள் சும்மா இருக்கவில்லை.

"டேய் க்ரூகர், எல்லாரும் வெளிய வாங்கடா. உள்ள சோளம் போடுறோம். அதுவாச்சும் எந்திரிச்சு நிக்கும்."

கடைசி ஆட்டம், கடைசிக் கால்பகுதி. எதிரணி முரடன் ஒருவன் அவரை அதுவரை பதினொரு முறை மல்லாத்தியிருந்தான். பன்னிரண்டாம் முறை வெண்டெல் எழவில்லை. கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். கணுக்காலில் ஒன்றுமில்லை.

வெளியேறியவன் அதே கால்பகுதியில் திரும்ப வரக்கூடாது என்பது அன்றைய விதி. பெஞ்சில் மிச்சமிருந்தது அவருடைய அறைத்தோழன் லெஸ்டர் வான்க் மட்டும். வீங்கிய முழங்காலில் கட்டுப் போட்டிருந்தான்.

"நீ ஒக்காருடா. எனக்கும் இன்னும் ஒண்ணுதான் வேணும்," என்று உள்ளே ஓடினான்.

இருபது கால்பகுதி ஆடியவனுக்குத்தான் கல்லூரி கௌரவமாகத் தரும், கம்பளிச் சட்டையில் தைக்கிற 'எம்' என்ற துணி எழுத்து. லெஸ்டர் பத்தொன்பது கால்பகுதி ஆடியிருந்தான். இரண்டாம் மோதலில் முழங்கால் போயிற்று. பத்து நிமிடமாவது ஆடாத கால்பகுதியைக் கணக்கில் சேர்க்க முடியாது என்றார் கோச். வெண்டெலுக்கு எழுத்து கிடைத்தது.

தன்னைத் தூக்கிப் போகும்போது லெஸ்டர்தான் கேட்டான்: "கால் ரொம்ப வலிக்குதாடா?"

"கொஞ்சம்," என்றார் வெண்டெல்.

லொரெய்ன் பாலம் வடிவமைப்பவள். கதையைக் கேட்டதும் அவள் கேட்டது இதைத்தான்: "நீங்க விழுந்தப்ப ஆட்டம் முடிய எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"பதினாலு நிமிஷம்."

அந்த எழுத்தை அவர் சட்டையில் தைக்கவேயில்லை. முப்பது வருடம் நகராட்சியில் தண்ணீர் மீட்டர் பார்த்தார். பழைய மாணவர் கூடும் நாட்களில் தூறல் விழுந்தாலும் புல் வெட்டப் போய்விடுவார். லெஸ்டர் பெல் கிரீக் தானியக் கிடங்கில் எடை போட்டான், காலை இழுத்து இழுத்து நடந்து. வருடம் தவறாமல் அவனிடமிருந்து கிறிஸ்துமஸ் வாழ்த்து வரும். கீழே ஒரு வரி: 'கணுக்கால் எப்படி இருக்கு?'

சன்னல் மாட்டிய அந்த வார வியாழனன்று வெண்டெலின் இதயம் நின்றது. வெள்ளியன்று லொரெய்ன் அவருடைய காரின் பின்பெட்டியில் ஒரு பொட்டலத்தைப் பார்த்தாள்.

சனிக்கிழமை அடக்கத்துக்கு லெஸ்டர் வந்தார், கைத்தடியோடு.

"உங்கப்பா எதையும் வெளிய காட்டிக்க மாட்டான்மா. அந்தக் கணுக்கால் கடைசி வரைக்கும் வலிச்சுதா?"

கார் இருபதடி தூரத்தில் நின்றது. சாவி அவள் கையில் இருந்தது.

"கொஞ்சம்," என்றாள் லொரெய்ன்.

அவர் தலையாட்டிவிட்டு வண்டியேறிப் போனார். பொட்டலம் பின்பெட்டியிலேயே இருந்தது. பழுப்புத்தாள், இரட்டை முடிச்சு, மேலே அப்பாவின் கையெழுத்தில் பெல் கிரீக் முகவரி. தபால்தலை ஒட்டவில்லை. நேரில் கொடுப்பதாக இருந்தார்.