ஒரே லாட்டுப் பீஸ்

அன்று ஸ்கேன் எடுக்கும் இடத்தில் இருந்தது மூன்றே பேர்: நான், என் அண்ணன், பணம் வாங்குகிற பெண். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். எச்சில் விழுங்கினால்கூடத் தப்போ என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் இருவர் ரத்தத்திலும் ஹெபடைட்டிஸ் பி கிருமி இருந்தது. என் பிரசவத்தின்போதுதான் எனக்குத் தெரிந்தது. பெற்றவளிடமிருந்து வந்திருக்கும், அண்ணனையும் சோதிக்கணும் என்றார் டாக்டர். மகளுக்குப் பிறந்த அன்றே தடுப்பூசி போட்டுவிட்டார்கள். எங்களுக்குத் தினமும் மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். கல்லீரலில் கட்டி வந்தால் சின்னதாக இருக்கும்போதே பிடிக்கணுமாம். வலி வந்தபிறகு வந்தால் கஷ்டமாம்.

"அண்ணா, உங்களுக்கும் எழுதியிருக்காருங்களே. ரெண்டு பில்லா போட்டறட்டுங்களா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

அண்ணன் சிரித்தான். பனியன் கம்பெனியில் அவன் அயர்ன் மாஸ்டர், நான் செக்கிங். ஒன்றாகத் தைத்து வந்த பெரிய லாட்டில் நாலு பீஸை மட்டும் பார்த்து மொத்தத்தையும் அனுப்பிவிடுவதுண்டு.

"நாங்க ரெண்டு பேரும் ஒரே லாட்டும்மா. ஒரு பீஸைப் பாத்தாப் போதாதா? எனக்கு அரை ஷிப்ட் போயிரும்லா."

"அட, இதென்னங்ணா, பனியனுங்களா?"

நான் பேசியிருக்க வேண்டும். ஒரு பீஸ் சுத்தமாக இருக்கும், அடுத்ததில் ஊசி ஓட்டை இருக்கும். தினமும் என் கை தடவிப் பார்க்கிற சங்கதிதான். ஆனால் உள்ளே என்ன சொல்வார்களோ என்ற நடுக்கத்தில் வாயே திறக்கவில்லை. என்னிடம் பணம் பற்றவில்லை, அவனே கட்டினான்.

எனக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. "ஏ பிள்ள, லாட்டு பாஸு!" என்று தலையில் தட்டினான். எதிர்க்கடையில் இரண்டு பேரும் பரோட்டா தின்றோம்.

அடுத்த இரண்டு தடவையும் துணைக்கு மட்டும் வந்தான், தான் ஸ்கேன் எடுக்காமலே என் தலையில் தட்டினான். மாத்திரையை நடுவில் விட்டதைக்கூடச் சொல்லவில்லை. நாலாவது தடவைக்குள் அவன் வயிறு வீங்கிவிட்டது. ஸ்கேனில் பார்த்தபோது கட்டி பெரிதாகியிருந்தது. அந்த மழைக்காலத்தை அவன் தாண்டவில்லை.

இப்போது தனியாகப் போகிறேன். மாத்திரையை ஒரு நாளும் விடுவதில்லை. ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது தலை தானாகக் கொஞ்சம் குனிகிறது. அந்தக் கை வராதென்று தலைக்குத் தெரியவில்லை.

அந்த முதல் நாள் அவன் சட்டைப்பையில் இன்னொரு ஸ்கேனுக்கும் பணம் இருந்தது, பார்த்தேன். என் ஸ்கேனுக்கு அவன் கட்டியதைப் போனஸ் வந்ததும் தருகிறேன் என்றேன். தரவில்லை. தொள்ளாயிரம் ரூபாய்.