நீல மட்டைக்குள் போன நெற்றி

பிரேம் போட்ட படத்தை அந்த அக்கா மேசையில் வைக்கவே இல்லை. பழைய சேலையில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி ஹட்டனில் எங்கள் பிரேம் கடை வாசலில் நின்றார். "எம் மகன் நெத்தியக் காணோம். படத்த வெட்டிட்டீங்க," என்றார். அன்று அதுதான் முதல் பேச்சு.

அக்கா நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். மண்சரிவில் அவருடைய லயத்து வீடும் வளர்ந்த மகனும் போய்விட, தங்கை வீட்டில் இருந்த இந்த ஒரு படம்தான் மிஞ்சியது. திருவிழாவன்று எடுத்தது. அக்கா உட்கார்ந்திருக்க, பின்னால் மகன் நிற்பான். நெற்றியில் காலையில் அவரே பூசிவிட்ட திருநீறு. முந்தின வருஷம் அதற்குப் பிரேம் போட்டவர்கள் நாங்கள்தான். படத்தைச் சுற்றி, நடுவே ஜன்னல் போல வெட்டிய வெள்ளை மட்டை, அதன் அடியில் ஒட்டிய மெல்லிய நீல மட்டை. இரண்டையும் வெட்டியவள் நான்.

அன்று பார்த்தால் நீல மட்டை நழுவி, மகனின் புருவம் வரை மறைத்திருந்தது. எனக்கு அக்கா மேல்தான் சந்தேகம் வந்தது. வீட்டில் யாரோ கழற்றிப் பார்த்துக் கெடுத்துவிட்டுப் பழியை எங்கள் தலையில் போடுகிறார்கள் என்று நினைத்தேன். பிரேமைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் நாங்கள் ஒட்டிய பழுப்புத் தாள் அப்படியே இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

கடை முதலாளியை நானா என்றுதான் கூப்பிடுவேன். அவர் எந்தப் பசையையும் லேசில் நம்பமாட்டார். புதிதாக எது வந்தாலும் இரண்டு மட்டைத் துண்டுகளை அதில் ஒட்டி, ஈரம் கசியும் பின்சுவரில் தொங்கவிடுவார். இரண்டு பக்கமும் ஒட்டுகிற ஒரு டேப்பை விற்பனைக்காரர் கொண்டுவந்து, மலைக் குளிருக்கென்றே செய்தது என்றபோதும் அப்படித்தான் செய்தார். அப்போது வெயில் மாதங்கள், அது அசையவில்லை. அந்த டேப்பில்தான் அக்காவின் மட்டைகளை ஒட்டினோம்.

நானா குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "டேப் வழுக்கிருச்சு மகள். மழையிலயும் ஒரு தரம் பாத்திருக்கணும்."

அக்கா நம்பவில்லை. "எங் கண்ணு முன்னால தொறங்க," என்றார். திறந்தோம். மட்டையைத் தூக்கியதும் நெற்றி முழுசாக வெளியே வந்தது. அக்கா படத்தைத் தொடவில்லை. விரலை அதற்கு மேலே பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இனி எதால ஒட்டப் போறீங்க?"

நானா சுவரில் தொங்கிய துண்டுகளை எடுத்து அவர் முன்னால் பரப்பினார். அக்கா ஒவ்வொன்றாக நகத்தால் பிய்த்தார். டேப் துண்டு பெருவிரலால் தள்ளியதுமே நகர்ந்தது. ஸ்பிரே பசை அடித்தது தோலாக உரிந்து வந்தது. வெள்ளை பைண்டர் கம் போட்டதில் மட்டைதான் கிழிந்தது, ஒட்டு விடவில்லை.

"இது. ஆனா எம் மகன் மேல பூசாதீங்க."

"மட்டையும் மட்டையும்தான் ஒட்டும் தங்கச்சி. படத்துல ஒரு சொட்டுப் படாது," என்றார் நானா.

கம்மில் தண்ணீர் இருக்கிறது. அதிகம் பூசினால் மட்டை நெளியும். மெல்லிசாகப் பூசி, மேலே பாரத்துக்குக் கண்ணாடிப் பாளங்களை அடுக்கினேன். காயும்வரை அக்கா என் கைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தேநீரையும் தொடவில்லை. பஸ் போய்விட்டது. அடுத்ததும் போனது.

கடைசியில் நான் பின்பக்கம் தாள் ஒட்டப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "மூடாதீங்க தங்கச்சி. தொறந்து பாக்கிற மாதிரி வைங்க."

ஈரம் உள்ளே போகும் என்று சொல்ல வாயெடுத்தேன். நானா வேண்டாம் என்று தலையசைத்தார். தாளுக்குப் பதில், வளைத்துத் திறக்கிற தகட்டு ஊசிகளை வைத்துக் கொடுத்தோம்.

வருஷங்கள் போய்விட்டன. இப்போது நானாவின் கடையை நான்தான் பார்க்கிறேன். பெரும்பாலான படங்கள் போனில் வருகின்றன. ஒன்று கெட்டால் இன்னொன்று அடிக்கலாம், அதனால் எதில் ஒட்டுகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. போன மாதம் பஸ் நிலையத்தில் அக்காவைக் கண்டேன். படம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "நேத்தும் தொறந்து பாத்தேன்."