மெமரிக்கு வைத்த பொட்டு

பருத்திப்பட்டில் தசரதனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டிராயிங்காரர் என்றுதான் சொல்வார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் டூல் செய்கிற கம்பெனி ஒன்றில், மீசை முளைத்த நாளிலிருந்து பலகையில் காகிதம் விரித்துக் கோடு போட்டவர். அந்தக் கோட்டை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு இரும்பை வெட்டலாம் என்பார்கள் ஃபிட்டர்கள். தொண்ணூற்றேழில் கம்பெனியை இழுத்து மூடினார்கள். முதலாளி கண்கலங்கி, தன்னுடைய பழைய லாப்டாப்பை அவர் கையில் கொடுத்து அனுப்பிவைத்தார். காலமெல்லாம் உழைத்தவனுக்கு ஓர் ஓட்டை லாப்டாப்! நமக்குத்தான் வயிறு எரிகிறது. தசரதன் அதைக் குறையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. கீல் உடைந்த மூடியைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு, அதிலேயே படம் போடக் கற்றுக்கொண்டார்.

அடுத்த வருஷம் எஸ்டேட்டில் வேறொரு கம்பெனிக்காரர் கூப்பிட்டு அனுப்பினார். பெரிய டூல் ஒன்றின் படம் முழுசாக ஃப்ளாப்பியில் வேண்டும், திங்கட்கிழமை காலையில் கைக்கு வர வேண்டும், சரியாக வந்தால் இனி எங்கள் படமெல்லாம் உங்களுக்குத்தான் என்றார். வராவிட்டால் என்ன என்பதும் தசரதனுக்குத் தெரியும். செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கோடவுனில் வாட்ச்மேன் வேலைக்கு அவரைக் கேட்டிருந்தார்கள். அந்தக் காக்கிச் சட்டையை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

தனித்தனி பாகங்களைப் போடும்வரை லாப்டாப் சொன்ன பேச்சைக் கேட்டது. எல்லாவற்றையும் ஒரே படமாகச் சேர்க்கப் போனால் மக்கர் பண்ணியது. பாதிப் படம் வரும், அப்படியே உறைந்துவிடும். ஆவடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற ஆனந்தன், தசரதனின் மனைவி பொன்னியம்மாவின் தம்பி, வந்து பார்த்தான்.

"மெமரி பத்தல மாமா. இன்னொன்னு சேத்துப் போட்டா ஓடும். ஆனா கெயட்டு மெஷினு. தொறந்தா இன்னா ஆவும்னு எனக்கே தெரியாது."

"தொறக்காம உட்டா?"

"சின்ன வேலைங்களுக்கு இப்டியே கொஞ்ச நாள் ஓட்டலாம். இந்த வேலைக்கு மட்டும் ஆவாது."

தசரதன் ஏரிப் பக்கம் போய் நடந்து நடந்து யோசித்தார். இருப்பதையும் கெடுத்துக்கொள்வதா, இருப்பதை வைத்து ஒன்றுமில்லாமல் போவதா? சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தவரிடம் பொன்னியம்மாதான் போட்டு உடைத்தாள்.

"இன்னாத்துக்கு மனசப் போட்டுக் கொயப்பிக்கினு கீறீங்க? கோடவுன் கேட்டாண்ட போய் நிக்க உங்களுக்கு மனசில்ல. அத்த ஒத்துக்குங்க. மெமரிய வாங்கிப் போடுங்க."

சனிக்கிழமை ஆனந்தன் வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தான். "நாளைக்கு நான் வந்து மாட்டறேன். நீ கைய வெக்காத மாமா" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பொன்னியம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். தசரதன் குளித்து, சாமி படத்துக்கு விளக்கேற்றினார். புதுப் பொருள் வந்தால் பொட்டு வைக்காமல் எப்படித் தொடுவது? கம்பெனியில் ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்தது அவர்தான். உறையைப் பிரித்து, சந்தனத்தைக் குழைத்தார். விரல் நீளப் பச்சைத் தகடு. கறுப்பு வில்லைகளில் எழுத்து இருந்தது, அதை மறைக்க மனம் வரவில்லை. கீழ் ஓரத்தில் மஞ்சளாக மினுமினுவென்று ஒரு வரிசை, எழுத்தில்லாமல் பளிச்சென்று இருந்தது. அங்கே வரிசையாகச் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் இட்டார். அட மனுஷா, கரண்ட் போகிற இடமே அதுதானே!

அதோடு விட்டாரா? ஆனந்தன் வரும்வரை பொறுக்கவில்லை. வாழ்நாளெல்லாம் கோடு போட்ட கைக்கு ஒரு திருகாணியைக் கழற்றுவது பெரிய வித்தையா என்று அடி மூடியைத் திறந்து, தகட்டைச் சொருகி, சுவிட்சைப் போட்டார். திரை வரவில்லை. கருகிய வாடைதான் வந்தது.

ஆனந்தன் வந்து தகட்டை உருவியபோது, சொருகும் இடமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக ஈஷிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பொன்னியம்மாவும் கூடையோடு உள்ளே வந்தாள்.

"யார் பார்த்த வேல இது? சந்தனம் உள்ள பூந்து போர்டே போச்சு!" என்று கத்தினான் ஆனந்தன்.

தசரதன் குங்குமம் படிந்த விரலை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டார். பொன்னியம்மா ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். கூடையை இறக்கி வைத்தாள்.

"நான்தான்டா வெச்சேன். புதுப் பொருளாச்சேன்னு மார்க்கெட்டுக்குப் போறதுக்கு மின்ன வெச்சிட்டுப் போனேன். அது தெரியாம இவரு மாட்டிட்டாரு."

"அறிவு கீதா உனுக்கு?" என்று தலையிலடித்துக்கொண்டான் தம்பி. பழி தன்மேல் விழாததில் தசரதனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதிதான் பிறகு அவரை அறுத்தது.

ஆனந்தன் போனதும் கேட்டார்: "ஏன் அப்டிச் சொன்ன?"

"என்ன முட்டாள்னு நாலு பேரு சொன்னா இன்னா கொறஞ்சிடும்? உங்க கைக்கு ஒரு பேரு கீது. அதுவும் போச்சுன்னா உங்களாண்ட இன்னாதான் மிச்சம்?"

வேலை வேறு ஆளுக்குப் போயிற்று. தசரதன் காக்கி போட்டுக்கொண்டு கோடவுன் கேட்டில் உட்கார்ந்தார். கதை மட்டும் ஆவடி, கோவில்பதாகை, பூந்தமல்லி என்று சொந்தக்காரர் வீடெல்லாம் சுற்றியது. எந்த விசேஷத்துக்குப் போனாலும், "கம்ப்யூட்டருக்குப் பொட்டு வெச்ச மகராசி வந்துட்டாங்க" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். தசரதன் தலையைக் குனிந்துகொள்வார்.

தை மாதம் ஆனந்தன் மகளுக்குக் காது குத்தினார்கள். பொன்னியம்மா பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டு வந்தாள். கன்னியம்மாள் என்கிற தூரத்து உறவுக்காரி வாய் நிறையச் சோற்றோடு, "இன்னா பொன்னி, ரசத்துக்கும் பொட்டு வெச்சியா?" என்றாள். பந்தியே கொல்லென்று சிரித்தது. தசரதன் இலையை விட்டு எழுந்துவிட்டார்.

"அத்த வெச்சது நானு. அவ அப்ப ஊட்லயே இல்ல." பந்தியைச் சுற்றிப் பார்த்தார். "நான்தான் வெச்சேன்."

பந்தியில் முன்னைவிடப் பெரிதாகச் சிரித்தார்கள்.

"பாரேன், பொண்டாட்டிய உட்டுக் குடுக்க மாட்டேன்றாரு!" என்றாள் கன்னியம்மாள். "உக்காருங்கண்ணா, சோறு ஆறுது."

ஒருவர்கூட நம்பவில்லை. இத்தனை நாளும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்த பொன்னியம்மா, ரச வாளியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்று அழுதாள்.