அண்ணன் சாவுக்கு வந்த விருந்தாளி

பனிமலை அடிவாரத்து அத்பாஷி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போடுகிறவர் மமிர். ஐம்பதை நெருங்கிய வயது. எல்லோரையும் நக்கலடிக்கிற வாய், ஆனால் அண்ணன் சகின்பாய் பேச்சு வந்தால் மட்டும் பூட்டிக்கொள்ளும்.

அண்ணன் கணவாய்க்கு அப்பால் ஆக்சாய் மேய்ச்சல் நிலத்திலேயே யாக் மாட்டு மந்தையோடு தங்கிவிட்டவர். அவர் மகன் எர்மெக் நன்றாகப் படிப்பான். அவனை மமிர் வீட்டில் விட்டு ஊர்ப் பள்ளியில் சேர்த்தார்கள். ஒரு குளிர்காலம்தான். மமிரின் மனைவி அனாரா அவன் ரொட்டி எடுக்கும்போதெல்லாம் முகத்தைச் சுளித்தாள். மமிர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். பனி உருகியதும், "வீட்டுல எடம் பத்தல" என்று சொல்லிப் பையனை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார். அவன் படிப்பு அத்தோடு போயிற்று. அண்ணன் வந்து சண்டை போடவில்லை. வருவதையே நிறுத்திக்கொண்டார்.

வருடங்கள் ஓடின. ஒரு நவம்பர் காலை, சந்தையில் கறிக்கடைக்காரன் கத்தியை நிறுத்திவிட்டு மமிரைப் பார்த்தான்.

"என்னய்யா, நீ இன்னும் கிளம்பலையா? இன்னைக்குச் சாயங்காலம் உங்க அண்ணன அடக்கம் பண்றாங்க. எங்க ஆளுங்க நேத்தே டிராக்டரோட போயிட்டாங்க. உனக்குப் போன் வரலியா?"

"வந்துச்சு, வந்துச்சு" என்றார் மமிர். வரவில்லை.

இரவில் அடித்த பனிக்காற்றில் டிராக்டர் போன தடமும் மூடிப்போயிருந்தது. எந்த ஜீப்காரனும் வர ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுக்காரனின் சீன மோட்டார் சைக்கிளை மமிர் இரவல் வாங்கி வந்து நிறுத்தியபோது அனாரா கத்தினாள்.

"புத்தி பிசகிப்போச்சா? குதிரையே மெரண்டு திரும்புற கணவாய்ல இந்த ஓட்டை வண்டியா? அதுவும் சொல்லி அனுப்பாத வீட்டுக்கு!"

"சாவு வீட்டுக்கு எவன்டி வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிடுவான்? கூடப்பொறந்தவன் மண்ணுக்குள்ள போறான். நகரு."

மேல்சட்டைக்குள் பழைய செய்தித்தாள்களைத் திணித்து, காலுறைக்கு மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு கிளம்பினார்.

ஆற்றங்கரை வரைக்கும் வண்டி ஒழுங்காகப் போயிற்று. ஆற்றைக் கடக்கும்போது பனிக்கட்டி உடைந்து முன்சக்கரம் இறங்கியது. வண்டியோடு சாய்ந்து, தொடைவரை நனைந்து எழுந்தார். சற்று நேரத்தில் கால்சட்டை தகரமாக விறைத்து, நடக்கும்போது சடசடத்தது. மேலே ஏற ஏறக் காற்று முகத்தை அறுத்தது. கடைசி வளைவுக்கு முன்னால் இடுப்பளவு பனி. வண்டியைப் படுக்கப்போட்டு, ஆட்டை இழுப்பதுபோல் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். நாலடி இழுப்பார், மூச்சு வாங்குவார், மறுபடி இழுப்பார். உச்சியில் எஞ்சின் அணைந்தது. பெட்ரோல் குழாயில் தண்ணீர் புகுந்து உறைந்திருந்தது. கையுறையைக் கழற்றி, வெறுங்கையால் குழாயைப் பொத்திப் பிடித்து ஊதிக்கொண்டே இருந்தார். விரல்கள் முதலில் எரிந்தன, அப்புறம் வலித்தன, அதற்கப்புறம் ஒன்றுமே தெரியவில்லை.

"பையனுக்கு ஒரு மூலை குடுத்திருக்கலாம்ண்ணே" என்று வாய்விட்டுச் சொன்னார். கேட்க ஒரு காக்கைகூட இல்லை.

ஒருவழியாக எஞ்சின் பிடித்துச் சரிவில் இறங்கியபோது அண்ணன் வீட்டு முற்றத்தில் சாவுக்கென்று கட்டிய கம்பளிக் கூடாரம் தெரிந்தது. இரத்த உறவு உள்ள ஆண் தூரத்திலிருந்தே ஓலமிட்டுக்கொண்டு வரவேண்டும். கூடாரத்து வாசலில் இடுப்பில் துணி கட்டி, தடியூன்றி நிற்கும் பங்காளிகள் எதிர் ஓலம் கொடுத்து அவனையும் வரிசையில் சேர்த்துக்கொள்வார்கள். வண்டிச் சத்தத்தில் தன் குரல் அமுங்குவதைக் கண்டு மமிர் எஞ்சினை நிறுத்தினார். விறைத்த உதட்டைத் திறந்து, "அண்ணே! என் மலையே! சாஞ்சுட்டியே!" என்று கதறியபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

வரிசை எதிர் ஓலம் கொடுக்கவில்லை. முன்னால் நின்ற எர்மெக் தடியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வந்தான். தாடி வைத்த, தோள் அகன்ற ஆளாகியிருந்தான். இரண்டு கையாலும் மமிரின் கையைப் பிடித்தான்.

"வாங்க. ரொம்ப தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க. உள்ள போய்ச் சாப்பிடுங்க."

"எர்மெக், இடுப்புத் துணி குடுப்பா. நான் நிக்கணும்."

"வேணாம். குளிர்ல வந்திருக்கீங்க. விருந்தாளிங்கள நிக்க வைக்கக் கூடாது."

அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களோடு உட்கார வைத்து, ஆவி பறக்கும் குதிரைக்கறியை அவர் முன்னால் வைத்தார்கள். நல்ல துண்டு. குறை சொல்ல முடியாத உபசாரம். விரல்கள் மடங்காததால் உள்ளங்கையால் அணைத்து வாயில் போட்டுக்கொண்டார். மதினி ஜிபார் தேநீர்க் கிண்ணத்தோடு வந்தாள். விரல்கள் மெழுகாய் வெளுத்துப்போனதைப் பார்த்தாள். "ஐயோ, தம்பி" என்றாள். மகன் திரும்பிப் பார்க்கவும் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

குழியில் மண் போட வருகிற யாரையும் தடுக்க முடியாது. மமிரும் போட்டார். திரும்பும் வழியில் எர்மெக்கின் கையைப் பிடித்தார்.

"எல்லாருக்கும் சொன்னியே, எனக்கு மட்டும் ஏன்டா சொல்லல?"

"சொன்னா வந்துடுவீங்கன்னு தெரியும் சித்தப்பா. அதான்."

அன்று அவன் 'சித்தப்பா' என்று சொன்னது அந்த ஒரு முறைதான்.

மறுநாள் டிராக்டரில் வண்டியையும் அவரையும் ஏற்றி அனுப்பினார்கள். அத்பாஷி மருத்துவமனையில் வலதுகையில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். கட்டுப்போட்ட கையைப் பார்த்து அழுதுகொண்டே அனாரா கேட்டாள்:

"வரிசையில நிக்க வச்சாங்களா?"

"பின்ன? மொத ஆளா நின்னேன்."

அவள் தலையை ஆட்டினாள். டிராக்டரில் போன கறிக்கடைக்காரன் வீட்டு ஆட்கள், நடந்ததை ஊர் திரும்பியதுமே அவளிடம் சொல்லியிருந்தார்கள்.